பகலில் தூங்குகிறவர் வீட்டை ஒட்டி பிரேக்கர் ஓட்டலாமா?

நாட்டுப்படகு மகன் (தங்கச்சிமடம்)

எங்களுக்கும் பக்கத்து மாடி வீட்டுக்கும் ஒரே ஒட்டுச் சுவர். அந்த வீட்டில் 19 நாளாக வேலை நடக்கிறது. பழைய டைல்ஸைப் பெயர்த்துப் புதுசு போடுகிறார்கள், சீலிங்கையும் கொத்திப் பூசுகிறார்கள்.

அப்பா நாட்டுப்படகில் போகிறவர். பொழுது சாயும்போது வலையோடு போனால் விடியற்காலையில் கரை திரும்புவார். மீனைக் கழித்து, ஏலம் போட்டு, வலையை அலசி, வீடு வந்து கஞ்சி குடிக்க ஒன்பது மணி ஆகிவிடும். சரியாக அந்த ஒன்பது மணிக்குத்தான் அங்கே காங்கிரீட் உடைக்கிற மிஷினை, அதுதான் பிரேக்கரை, போடுகிறார்கள். சுவரில் மாட்டியிருக்கிற சூசையப்பர் படம் கடகடவென்று ஆடுகிறது. சத்தம் காதுக்குள் போவதைவிடக் கட்டில் வழியாக முதுகுக்குள் போகிறது. நேற்று அப்பா தலையணையைத் தூக்கிக்கொண்டு போய், கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தின் நிழலில் படுத்திருந்தார். வயசு 58.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "பகல்லதானே தம்பி செய்றோம், ராத்திரி ஒரு பொட்டுச் சத்தம் வருதா?" என்றார். வாயடைத்துப்போய் வந்துவிட்டேன். அவர் சொல்வது சட்டப்படி சரிதானா? சரி என்றால் பேச்சு அதோடு முடிந்ததா?

லீவு 45 நாள் (கீழக்கரை)

தம்பி, நான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் இடத்தில் இருப்பவன். அபுதாபியில் வேலை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 45 நாள் லீவு. ஹாலில் சீலிங் பெயர்ந்து விழுகிறது என்று உம்மா ஒரு வருஷமாகப் போனில் அழுதார்கள். வந்து இறங்கினேன். கொத்தனார் இன்று, நாளை என்று 11 நாளைக் கடத்தினார். மிச்சம் இருக்கிற நாளில் வேலையை முடித்து, ஐப்பசி மழைக்கு முன்னால் வெள்ளையும் அடித்துவிட்டுப் போக வேண்டும்.

உங்கள் வாப்பா தூங்கும் நேரத்தைக் கழியுங்கள். எதிர்வீட்டுப் பிள்ளை படிக்கிற நேரத்தைக் கழியுங்கள். பின்வீட்டில் ஒரு ராத்தா (அக்கா) கைக்குழந்தையோடு இருக்கிறார், அதையும் கழியுங்கள். எனக்கு என்ன மிஞ்சும்? மஃரிப் (அந்தி) தொழுகைக்கும் இஷா (இரவு) தொழுகைக்கும் நடுவில் சிலாப் உடைக்கவா? கல்யாணம், கந்தூரி, திருவிழா என்றால் நான்கு நாள் ஸ்பீக்கர் போடுகிறோம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வீடு இடிந்து விழாமல் இருக்க ஒருவன் செலவழித்தால் மட்டும் குற்றமா?

குமாஸ்தா (ராமநாதபுரம்)

சட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டையைத் தொடருங்கள்.

2000-ஆம் ஆண்டின் மத்திய ஒலி மாசு விதிகளில் பகல் என்றால் காலை 6 முதல் இரவு 10 வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. 2010-இல் வந்த திருத்தம் ஒன்று, சத்தம் போடும் கட்டுமான இயந்திரங்களைக் குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் இயக்கக் கூடாது என்கிறது. பகலில் இயக்காதே என்று அதில் இல்லை. ஆனால் பகலுக்கு 55 என்ற வரம்பு இருக்கிறது. அதைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியரோ, டிஎஸ்பி தகுதிக்குக் குறையாத நியமிக்கப்பட்ட அதிகாரியோ அதை விசாரிக்கலாம். பிரேக்கர் பக்கத்து அறையில் ஓடினால் 65 எல்லாம் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே "பகல்தானே" என்பது பாதி உண்மை.

மறுபாதியையும் கேளுங்கள். பொதுத் தொல்லை வழக்கில் மற்றபடி தண்டனை சொல்லப்படாத குற்றத்துக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 200 ரூபாய் வரை அபராதம், புதிய நியாய சன்ஹிதாவின் 292-ஆம் பிரிவில் 1,000 ரூபாய் வரை. அதுவும் ஊருக்கே தொல்லை என்று காட்ட வேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் தொல்லை என்றால் சிவில் கோர்ட்டில் தடையாணை கேட்கலாம். நீங்கள் வாய்தா வாங்கி முடிப்பதற்குள் அவர் டைல்ஸ் போட்டுப் பால் காய்ச்சியிருப்பார்.

சென்னைவாசி (சொந்த ஊர் உச்சிப்புளி)

எதற்கு இவ்வளவு? ஒரு ஏசி வாங்கிப் போட்டுக் கதவைச் சாத்திப் படுக்கச் சொல்லுங்கள். இங்கே அடுக்குமாடியில் தலைக்கு மேல் தினமும் டிரில் ஓடுகிறது. பழகிவிட்டது.

நாட்டுப்படகு மகன்

அண்ணே, சத்தம் சுவர் வழியாக வருகிறது. சுவருக்கு எந்தக் கதவைச் சாத்துவது?

கருவாட்டுக் கூடை (மண்டபம்)

தூக்கத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். என் கதை வேறு. போன மாதம் கச்சான் காற்று தூக்கிக்கொண்டு அடித்த ஒரு நாள், மேற்கு வீட்டு மொட்டைமாடியில் கிரைண்டர் வைத்து டைல்ஸ் அறுத்தார்கள். கீழே நான் நெத்திலி காயப்போட்டிருந்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் மீன் மேல் மாவு தூவினது போல வெள்ளையாக இருக்கிறது. கையில் எடுத்தால் நறநறவென்கிறது. பாதி காய்ந்த மீனைக் கழுவவும் முடியாது, விற்கவும் முடியாது. இரண்டு கூடை போச்சு. கேட்டால், "அக்கா, முன்னாடியே சொல்லியிருந்தா நாளைக்கு அறுத்திருப்போமே" என்கிறார்கள். மீன் காயப்போடுவதை நான் போய்ச் சொல்ல வேண்டுமாம். வாசலில் கிடக்கிறதே, கண் எங்கே போனது?

அதற்காக எல்லோரையும் திட்டவில்லை. தெற்கு வீட்டுக்காரர் போன வருஷம் கிணற்றுச் சுவர் உடைத்தபோது முதல் நாளே வந்து சொன்னார். நானும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்க் கரையில் காயவைத்தேன்.

லீவு 45 நாள்

ராத்தா, தூசி விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பறக்காது, சோம்பேறித்தனத்தால் செய்வதில்லை. இரண்டு கூடைக்கு அந்த வீட்டுக்காரர் பணம் கொடுத்திருக்க வேண்டும்.

சத்தத்துக்கு அப்படி வழி இல்லை. கல்லை உடைத்தால் சத்தம் வரத்தான் வரும்.

உளி பிடிப்பவன் (வேதாளை)

22 வருஷமாகக் கொத்து வேலை. இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிறவன் நான். பக்கத்து வீட்டுக்காரர் முதலாளியைத் திட்டுவதில்லை, மிஷின் பிடித்திருக்கிற எங்களைத்தான் திட்டுவார்.

முதலில், நம் கடற்கரையில் ஏன் இவ்வளவு உடைப்பு வேலை வருகிறது என்று பாருங்கள். உப்புக் காற்று. பழைய வீடுகள் சிலவற்றில் கடல் மணலையே போட்டுக் கட்டியிருக்கிறார்கள். உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைப் பிடித்ததும் துரு வரும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி காங்கிரீட்டை உள்ளேயிருந்து பிதுக்கித் தள்ளும். முதலில் கம்பி ஓட்டத்திலேயே கோடு போல ஒரு விரிசல், அப்புறம் உப்பல், அப்புறம் ஒரு நாள் சோற்றுத் தட்டில் ஒரு பாளம். மேலே பூசி மறைத்தால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மருந்து அடித்துத்தான் பூச வேண்டும். ஆகவே பிரேக்கர் கட்டாயம். கீழக்கரை காக்கா (அண்ணன்) சொல்வது அதுவரை சரி.

ஆனால் காலை ஒன்பதுக்கே பிரேக்கர் போட வேண்டும் என்று எந்த வேலையிலும் இல்லை. கை ஓய்வதற்கு முன்னால் கஷ்டமான வேலையை முடித்துவிடலாம் என்று நாங்கள்தான் அப்படி வைத்துக்கொள்கிறோம். இரண்டு அறை இருந்தால் காலையில் ஒன்றில் பூச்சு, மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் இன்னொன்றில் உடைப்பு. சித்தாளுக்கும் நாள் முழுக்க வேலை இருக்கும், சம்பளம் வீணாகாது. டைல்ஸை ஒவ்வொன்றாக அளந்து அளந்து அறுக்காமல், ஓரத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு ஒரே மூச்சில் அறுத்தால் நாள் முழுக்கக் கேட்கிற கிரைண்டர் ஒன்றரை மணி நேரத்தில் அடங்கிவிடும்.

இன்னொன்று. பழைய டைல்ஸ் கெட்டியாக இருந்தால் அதன் மேலேயே பசை போட்டுப் புதுசு ஒட்டலாம். உடைப்பே இல்லை. தரை அரை அங்குலம் உயரும், கதவின் அடியை இழைக்க வேண்டும், அவ்வளவுதான். தட்டிப் பார்த்து டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் மட்டும் பெயர்த்தே ஆக வேண்டும். இதையெல்லாம் யாரும் எங்களிடம் கேட்பதில்லை. எப்போது முடியும் என்று மட்டும் கேட்பார்கள்.

சென்னைவாசி

மத்தியானத்துக்கு மேல்தான் உடைப்பு என்றால் பத்து நாள் வேலை இருபது நாள் ஆகும். ஒரேயடியாக உடைத்து முடித்தால் பக்கத்து வீட்டுக்கும் பத்து நாளோடு தொல்லை போகும். எது நல்லது?

உளி பிடிப்பவன்

ஒரே அறை வேலை என்றால் நீங்கள் சொல்வது சரி.

லீவு 45 நாள்

முன்கூட்டியே சொல்வதும், மேஸ்திரி சொன்னபடி ஒரே மூச்சில் அறுப்பதும் எனக்குச் சம்மதம். ஆனால் என் வீட்டு வேலை எத்தனை மணிக்கு நடக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் முடிவு செய்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் கேட்கலாம், நான் பார்த்துச் செய்யலாம். மறுத்தால் நான் கெட்டவன் என்று ஆகிவிடக் கூடாது. சட்டம் ஆறு மணி, பத்து மணி என்று கோடு போட்டிருப்பதே, ஆளுக்கொரு கடிகாரம் வைத்துச் சண்டை போடக் கூடாது என்றுதான்.

நாட்டுப்படகு மகன்

காக்கா, அந்தக் கோட்டைப் போட்டவர் ராத்திரி தூங்குகிறவர். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆம்பிளைகள் ராத்திரி கடலில் இருக்கிறார்கள். எங்களுக்குக் காலை ஒன்பதுதான் ராத்திரி பத்து மணி. ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கிற நர்ஸ் அக்காவுக்கும் அப்படித்தான். நான் சட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. "பகல்தானே" என்ற ஒரு வார்த்தையில் எங்களை அடக்காதீர்கள் என்கிறேன்.

குமாஸ்தா

இதில் நான் தம்பி பக்கம். ஆனால் கீழக்கரைக்காரரின் பயமும் புரிகிறது. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் தெருவே வரிசையில் நிற்கும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் இந்த வேலைகளை வைத்துக்கொண்டால் என்ன? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பிளஸ் டூ பரீட்சையும் முடிந்திருக்கும்.

கருவாட்டுக் கூடை

தடைக்காலம் விசைப்படகுக்குத்தான் சார். நாட்டுப்படகு அப்போதும் போகும். சும்மா நிற்கிற விசைப்படகுகளை அந்த இரண்டு மாதத்தில்தான் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், கரை முழுக்கச் சுத்தியல் சத்தம். அதோடு உங்கள் பிரேக்கரும் சேர்ந்தால் நாங்கள் இலங்கைக்குத்தான் போய்ப் படுக்க வேண்டும்.

உளி பிடிப்பவன்

தம்பி, உங்கள் பக்கம் வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்ற ஏற்பாடு இருக்கிறதல்லவா? அப்பா அதன்படிதான் போகிறாரா?

நாட்டுப்படகு மகன்

ஆமாம் அண்ணே. விசைப்படகு போகிற நாளில் போனால் வலை அறுந்துவிடும் என்று போக மாட்டார்.

உளி பிடிப்பவன்

அப்படியென்றால் வாரத்தில் மூன்று ராத்திரி வீட்டில் தூங்குகிறார். மறுநாள் காலையில் முழித்துத்தானே இருப்பார்? அந்த மூன்று நாளும் காலையிலிருந்தே உடைக்கட்டும். மற்ற நாளில் பூச்சு, டைல்ஸ் ஒட்டுவது, தேவைப்பட்டால் மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் உடைப்பு. பக்கத்து வீட்டு அண்ணனிடம் நேரத்தைக் கேட்காதீர்கள், நாளைக் கேட்டுப் பாருங்கள். நேரத்தைக் கேட்டால் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும். நாள் கணக்கு என்றால் மேஸ்திரியே போட்டுக்கொள்வார்.

லீவு 45 நாள்

நாள் என்றால் நானே ஒப்புக்கொள்வேன்.

நாட்டுப்படகு மகன் (ஐந்து நாள் கழித்து)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் ஒப்புக்கொண்டார், கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான். அவருடைய மேஸ்திரிக்குத்தான் இந்தக் கணக்கு உடனே பிடித்தது. அப்பா இப்போது வீட்டிலேயே படுக்கிறார். சூசையப்பரும் அசையாமல் இருக்கிறார்.

ஆனால் ஒரு கூத்து. வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க அப்பா மாடி வீட்டுக்குப் போனார். துடுப்புக் கட்டையால் சீலிங்கை அங்கங்கே தட்டிப் பார்த்தார். பேசாமல் திரும்பி வந்து எங்கள் அடுப்படி சீலிங்கையும் தட்டினார். டொக்கு. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினால், ஒட்டுச் சுவர் மேல் போகிற பீமில் எங்கள் பக்கமும் கம்பி பருத்திருக்கிறதாம். மிஷின் இங்கே இருக்கும்போதே உடைத்துவிடலாம், ஆறு நாள் வேலை என்கிறார். அப்பா சரி சொல்லிவிட்டார்.

லீவு 45 நாள்

மாஷா அல்லாஹ். எந்தெந்த நாள் உடைக்கப் போகிறீர்கள்? உங்களுக்கு மறுபக்கத்து வீட்டில் கேட்டாயிற்றா தம்பி?

நாட்டுப்படகு மகன்

அதுதான் காக்கா சிக்கல். மறுபக்கம் இருக்கிற மாமா விசைப்படகில் போகிறவர். அவர் பகலில் தூங்குகிற நாளும் அப்பா முழித்திருக்கிற நாளும் ஒன்றாக இருக்கிறது.