தமிழ் மோசடி மெசேஜ் பற்றி இறுதியாண்டு ஆய்வு: தரவுக்கு எங்கே போவது?

களுவாஞ்சிகுடிப் பிள்ளை:
கணினி விஞ்ஞானம் இறுதியாண்டு படிக்கிறேன். மாசி மாதம் அம்மாவின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. "உங்கள் பார்சல் நிற்கிறது, முகவரி பிழை, 65 ரூபா கட்டவும்" என்று ஒரு லிங்க். அண்ணன் கட்டாரிலிருந்து பெட்டி போட்டிருந்த நேரம் அது. அம்மா நம்பி கார்ட் இலக்கத்தைக் கொடுத்து, பின்னால் வந்த ஓடிபியையும் அடித்துவிட்டார். போனது 48,000. சீட்டுக் கட்டச் சேர்த்த காசு.

இப்படியான தமிழ் மோசடி மெசேஜைக் கண்டுபிடிக்கும் கணினிக் கருவி ஒன்றை ஆய்வாகச் செய்ய ஆசை. மேற்பார்வையாளரோ "தமிழில் தரவு இல்லை, என்எஸ்எல்-கேடிடியை எடு, கெதியா முடிக்கலாம்" என்கிறார். அது வலையமைப்புத் தாக்குதல்களைக் கண்டுபிடிக்கப் பழக்கும் ஆயத்தத் தரவுத்தொகுப்பு. அதை எடுத்த நண்பிகளுக்கு 99 வீதத் துல்லியம் வந்திருக்கிறது. நான் என்ன செய்ய?

மருதமுனை நானா:
தங்கச்சி, ஒரு நிறுவனத்தின் பாதுகாப்புக் கண்காணிப்பில் இரவு வேலை செய்கிறேன். மெசேஜையே எடுங்க.

என்எஸ்எல்-கேடிடிக்கு அடி 1998. அமெரிக்க விமானப்படை வலையமைப்பு ஒன்றைப் போலச் செய்து, எம்ஐடி லிங்கன் ஆய்வுகூடம் ஓடவிட்ட தரவுப் போக்குவரத்து அது. அதிலிருந்து 1999இல் கேடிடி என்ற தரவுத்தொகுப்பு வந்தது. அதன் பயிற்சித் தரவில் ஏறக்குறைய 78 வீதம் திரும்பத் திரும்ப வந்த ஒரே பதிவுகள். அவற்றைக் களைந்து 2009இல் செய்ததுதான் என்எஸ்எல். களைந்தாலும் தாக்குதல்கள் அந்தக் காலத்தவைதான். உங்கட உம்மாவை ஏமாற்றினவன் அதற்குள் இல்லை.

அப்புறம் அந்த 99 வீதம். ஒரு நாளைக்கு 10,000 மெசேஜ், அதில் 10 மோசடி என்று வையுங்க. கருவி பத்தையும் பிடிக்கிறது, நல்லதில் 1 வீதத்தை மட்டும் பிழையாக மோசடி என்கிறது. சரி, மிச்சம் 9,990இல் 1 வீதம் எவ்வளவு? ஏறக்குறைய 100. பதினொரு தடவை எச்சரிக்கை வந்தால் ஒன்றுதான் உண்மை. இரண்டாம் நாளே ஆட்கள் அதை நிறுத்திவிடுவார்கள். இரவில் வீண் எச்சரிக்கைகளைத் தள்ளித் தள்ளி உண்மையானதைத் தவறவிடப் பார்த்தவன் நான். ஆகவே எச்சரித்ததில் எத்தனை உண்மை, உண்மையான மோசடியில் எத்தனை தப்பியது, இரண்டையும் எழுதுங்க. பழைய மெசேஜ்களில் பயிற்றி, பிறகு வந்தவற்றில் சோதியுங்க.

அக்கரைப்பற்று ரீச்சர்:
மகள், நானா சொன்னது சரி. எழுத்தையும் கவனியுங்கள். தமிழ் இலக்கம் ௧, எழுத்து க இரண்டும் கண்ணுக்கு ஒன்று. கணினி எழுத்துகளுக்கு இலக்கம் கொடுக்கும் யூனிகோடில் வேறு வேறு. "௧ட்டணம்" என்று இலக்கத்தை வைத்து ஒருவன் எழுதினால் நாம் சரியாகவே வாசிப்போம், கருவிக்கு அது புதுச் சொல். ௨, ௭, ௮ இவையும் அப்படித்தான். "கொ" என்பதைக் கொம்பும் காலும் பிரித்து அடித்தால் யூனிகோட் சீராக்கம் சேர்த்துவிடும். இலக்கத்தை அது தொடாது. நீங்களே மாற்ற வேண்டும்.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கில எழுத்து 160 போகும், யூனிகோடில் தமிழ் என்றால் 70தான். ஆகவே ஆங்கில எழுத்தில் அடித்த தமிழையும் கட்டாயம் சேருங்கள். எங்கள் மாணவர்கள் அப்படித்தான் அடிக்கிறார்கள்.

ஆட்களிடம் மெசேஜ் சேர்க்க முன்னர் நெறிமுறைக் குழுவின் அனுமதி எடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் வாசியுங்கள். பெயர், போன் இலக்கம், கணக்கு இலக்கம் அழித்த பிறகே கணினியில் ஏற்றுங்கள்.

களுவாஞ்சிகுடிப் பிள்ளை:
நானா, ரீச்சர், பெரிய நன்றி. மேற்பார்வையாளரிடம் அந்தக் கணக்கைக் காட்டினேன். முன்மொழிவு எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

ஒன்று கண்டேன். பெரிய மாமியின் போனிலும் அதே பார்சல் மெசேஜ் இருக்கிறது. ஒரு சொல் மாறவில்லை, 65 மட்டும் 85. அம்மாவுக்கு வந்தது பயிற்சிக்கும் மாமிக்கு வந்தது சோதனைக்கும் போனால் அதுவும் கேடிடி கதைதானே? ஒரே அச்சில் வந்தவற்றை ஒரே பக்கம் வைக்கப் போகிறேன்.

அம்மாவுக்கு இன்னும் வெட்கம், போனைத் தரவே யோசித்தார். மற்றவர்களும் அப்படித்தான் இருப்பார்கள். வயதானவர்களுக்கு விளங்குகிற மாதிரித் தமிழில் ஒப்புதல் படிவம் எழுதியவர்கள் இருந்தால் ஒரு மாதிரி அனுப்புங்கள்.