‘சுகர் மேன்’ படத்தைப் படிப்பகத்தில் போடுகிறோம்: ஆஸ்திரேலியா விஷயத்தைச் சொல்வதா, வேண்டாமா?

காங்கோக்காரர் மகன்:

வணக்கம். ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ (2012) ஆவணப்படம் பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா கோவில்பட்டிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபது வருடம் டிரிபிள் காங்கோ வாசித்தவர். பங்குனி, சித்திரையில் கோயில் கொடைக் கச்சேரிகள், மற்ற மாதங்களில் பெயிண்டிங் வேலை. குழு கலைந்த பிறகு பெயிண்டிங் மட்டும்தான். அவர்கள் வாசித்த பக்திப் பாட்டுக் கேசட் இரண்டு வீட்டில் இருக்கிறது. உறையில் வாசித்தவர் பெயர் எதுவும் கிடையாது. அன்றைய பேட்டாவைத் தவிர ஒரு பைசா வந்ததில்லை.

போன மாதம் அவரை உட்காரவைத்து இந்தப் படத்தைப் போட்டேன். நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். பார்க்காதவர்களுக்காகக் கதை: ரோட்ரிகஸ், டெட்ராய்ட்டில் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்த பாடகர். 1970இலும் 1971இலும் இரண்டு இசைத்தட்டுகள் வந்தன, அமெரிக்காவில் யாரும் வாங்கவில்லை. 1975இல் அந்த இசைத்தட்டுக் கம்பெனியையே மூடிவிட்டார்கள். அவர் பழைய வீடுகளை இடிக்கும் வேலைக்குப் போய்விட்டார். ஆனால் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் அதே பாட்டுகள் வீட்டுக்கு வீடு ஓடின, அவருக்குத் தெரியாமலே. மேடையிலேயே தீ வைத்துக்கொண்டு செத்துவிட்டார் என்று அங்கே பேச்சு. கேப் டவுனில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஒரு ரசிகரும் ஒரு பத்திரிகையாளரும் தேட ஆரம்பித்தார்கள். பாட்டு வரியில் வந்த ‘டியர்போர்ன்’ என்ற டெட்ராய்ட் பக்கத்து ஊர்ப் பெயரைப் பிடித்துப் போனால், டெட்ராய்ட்டில் ஆள் உயிரோடு இருக்கிறார்! 1998 மார்ச்சில் கேப் டவுனில் கச்சேரி.

அந்தக் கச்சேரிக் காட்சியில் அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கூட்டம் கத்துகிறது, பாட்டை எடுக்கவே முடியவில்லை. நான் ரோட்ரிகஸ் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா, “பேஸ் கிட்டார்க்காரனைப் பாரு. விடாம அதையே வாசிக்கான். கூட்டம் அடங்குற வரைக்கும் தாங்கிக்கிட்டு நிக்கான்” என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ரோட்ரிகஸ் விருந்துக்குப் போடும் டக்ஸீடோ கோட்டு போட்டுக்கொண்டு இடிக்கும் வேலைக்குப் போவார் என்று கூட வேலை பார்த்தவர் சொல்கிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவும் இஸ்திரி போட்ட சட்டையில்தான் வேலைக்குப் போவார், அங்கே போய்த்தான் பெயிண்ட் சட்டைக்கு மாறுவார். முடிந்ததும் ஒரே கேள்விதான்: “இத்தனை வருசம் வித்த காசு எங்கல போச்சு?” படத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. ரோட்ரிகஸ் 1979இலும் 1981இலும் ஆஸ்திரேலியாவில் கச்சேரிச் சுற்றுப்பயணம் போயிருக்கிறார். அங்கே அவருக்கு நல்ல பெயர் இருந்திருக்கிறது, அங்கே பாடியது இசைத்தட்டாகவும் வந்திருக்கிறது. படத்தில் இதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 1971க்குப் பிறகு 1998 வரை மேடையே ஏறாதவர் என்ற நினைப்போடுதான் நாம் எழுந்து போகிறோம்.

வரும் சனிக்கிழமை எங்கள் தெருப் படிப்பகத்தில் இதைத் திரையிடுகிறோம். முப்பது பேராவது வருவார்கள். ஆஸ்திரேலியாவைச் சொல்லிவிட்டுப் போடலாமா, முடிந்த பிறகு சொல்லலாமா? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தக் காட்சியை அவரிடமிருந்து பிடுங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

வெட்டுமேசை:

தம்பி, நான் பதினோரு வருடமாக எடிட்டிங் செய்கிறேன். இயக்குநர் மாலிக் பெஞ்ஜெல்லூலுக்கு இது முதல் முழுநீளப் படம். காசு தீர்ந்துபோய், கடைசிச் சில ஷாட்களை ஐபோனில் ஒரு மலிவான ஆப் வைத்து எடுத்தவர். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இந்தக் கதை தென்னாப்பிரிக்க ரசிகர்களின் கண் வழியாகப் போகிறது என்பதும் சரிதான். உலகமே அந்த நாட்டைப் புறக்கணித்திருந்தது, டிவி வந்ததே 1976இல்தான். ஆஸ்திரேலியாவில் நடந்தது அவர்கள் காதுக்கு எட்டவில்லை என்றால் நம்பலாம்.

ஆனால் படம் அவர்களோடு நிற்கவில்லையே. டெட்ராய்ட்டுக்கு வந்து, மகள்களிடம் பேசி, அவருடைய வாழ்க்கையையே சொல்கிறது. அங்கே வந்த பிறகு மறைப்பது தவறு. ஒரே ஒரு வரி போதும், பத்து நொடி. கச்சேரிக் காட்சி அதனால் ஒரு இழைகூடக் குறைந்திருக்காது. நானாக இருந்தால் அந்தப் பத்து நொடிக்காக இயக்குநரோடு சண்டை போட்டிருப்பேன்.

படம் முடிந்ததும் சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் எல்லாரும் ஓட்டையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நெய்தல்:

ஆஸ்திரேலியாவை விட எனக்கு உறுத்தியது வேறு, அண்ணா. அந்த 1998 கூட்டத்தை இன்னொரு தடவை பாருங்கள், கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளை முகங்கள். ஒலிபரப்புக் கழக நூலகத்தில் இருந்த இசைத்தட்டில் ஒரு பாட்டை யாரும் போட முடியாதபடி கீறி வைத்திருந்ததைப் படம் காட்டுகிறது. அந்தப் பாட்டுகள் வெள்ளைக்கார இளைஞர்களுக்கு எதிர்த்துப் பேசும் தைரியம் தந்தது உண்மையாகவே இருக்கட்டும். அதே நாட்டில் கறுப்பின மக்கள் என்ன பாடினார்கள்?

அதற்கு ‘அமாண்ட்லா!’ (2002) ஆவணப்படம் பாருங்கள். அமைதியாக ஆரம்பிக்கும். வுயிசிலே மினி, நிறவெறி ஆட்சியை எதிர்த்த தொழிற்சங்கத் தலைவர், பாட்டும் கட்டியவர். 1964இல் பிரிட்டோரியாவில் தூக்கிலிட்டு, அடையாளமில்லாத குழியில் புதைத்துவிட்டார்கள். 1998இல் அவர் எலும்புகளைத் தோண்டியெடுத்து ஊருக்குக் கொண்டுபோய் மரியாதையோடு அடக்கம் செய்கிறார்கள். ரோட்ரிகஸ் மேடையேறிய அதே வருடம்! மிரியம் மகேபா, ஹியூ மசெகேலா மாதிரி அந்நாட்டு இசைக் கலைஞர்கள் எல்லாரும் பேசுகிறார்கள், பேச்சு நடுவிலேயே பாட்டாகிவிடும். முடிந்தால் அடுத்த சனிக்கிழமைக்கு இதை வையுங்கள். ஒன்றைப் பார்த்தவர்கள் மற்றதையும் பார்த்தே ஆக வேண்டும்.

பழைய ஹார்மோனியம்:

அப்பாவுக்கு ‘புவெனா விஸ்டா சோஷியல் கிளப்’ (1999) ஆவணப்படத்தைக் காட்டுங்கள், தம்பி. கியூபாவின் ஹவானா நகரத்து வயசாளிப் பாட்டுக்காரர்கள், வாத்தியக்காரர்கள் கதை. அருமையான பாடகர் இப்ராஹிம் ஃபெரர், பாட்டை விட்டுவிட்டு ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர். 1998 ஜூலையில் எல்லாரும் நியூயார்க் கார்னகி ஹாலில் நிற்கிறார்கள். அதில் தாளக்காரர்கள் கையை நிறையக் காட்டுவார்கள், காங்கோவும் உண்டு. நீங்கள் தமிழில் சொல்லவேண்டிய வேலையே இருக்காது.

காங்கோக்காரர் மகன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டேன். 1979, 1981, இசைத்தட்டு எல்லாம்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அவ்வளவு கூட்டத்தையும் பாத்துட்டு வந்து மறுபடியும் வீடு இடிக்கப் போனாராக்கும்?” என்றார். ஆமாம் என்றேன். “அதுல்லா பெருசு. அதைப் போய் ஏம்ல மறைச்சான்?”

எனக்கு இது தோன்றவே இல்லை. அப்பாவின் குழு ஒரு தடவை திருச்செந்தூரில் விடிய விடிய வாசித்தது. மறுநாள் காலையில் அவர் ஒரு பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போனதை அம்மா இன்னும் சொல்வாள்.

அதனால் முடிந்த பிறகு நான் பேசப்போவதில்லை, அவரையே பேசச் சொல்லியிருக்கிறேன். இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் போட்டால் பேஸ் கேட்காது என்று, காலையிலிருந்து பரணில் கிடந்த குழுவின் பழைய பாக்ஸ் ஸ்பீக்கரை இறக்கி வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

நெய்தல், ‘அமாண்ட்லா!’ அடுத்த வாரத்துக்கு முடிவாகிவிட்டது.