கைதட்ட வேண்டாம் என்று பாடகர் சொன்னது திமிரா?

கடைசிப்படி:
போன வாரம் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடும் ஒருவரின் நிகழ்ச்சிக்குத் தோழியோடு போயிருந்தேன். திறந்தவெளி அரங்கம், அரைவட்டமாக மேலேறும் கல்படிகள், எங்களுக்குக் கிடைத்தது உச்சிப்படி. மேடையில் அவரும் ஒரு கிடாரும்தான். நான்காவதோ ஐந்தாவதோ பாட்டிலும் கூட்டம் தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தது, நாங்களும் தட்டினோம், நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று மனிதர் வாசிப்பை நிறுத்திவிட்டு, சிரித்துக்கொண்டே, இந்தப் பாட்டுக்கு மட்டும் கைதட்ட வேண்டாம், எனக்குத் தாளம் தப்பிவிடுகிறது என்றார். தோழிக்குக் கோபம். காசு கொடுத்து வந்தவர்களைக் கைதட்டாதே என்பதா, திமிர் என்கிறாள். எனக்குப் புரியாதது வேறு. நான் கவனமாகத்தான் தட்டினேன், ஓர் அடிகூடத் தவறவில்லை. அப்புறம் அவருக்கு எப்படித் தப்பும்?

மிக்சர்மேசை:
நீங்களும் தவறவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை. ஒலி நொடிக்கு 340 மீட்டர் சொச்சம்தான் போகும். உச்சிப்படி மேடையிலிருந்து 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவர் மீட்டியது உங்கள் காதுக்கு வரவே 0.17 நொடிக்கு மேல் ஆகிவிடும். கேட்ட அடிக்குச் சரியாகத் தட்டுகிறீர்கள், சரி, ஆனால் அந்தத் தட்டல் இறங்கி மேடைக்குப் போக மறுபடியும் அதே நேரம். ஆக அவருக்கு அது கிட்டத்தட்ட 0.35 நொடி பிந்திக் கேட்கிறது. நிமிடத்துக்கு 90 அடி என்ற நடையில் இரண்டு அடிகளுக்கு இடைவெளி 0.67 நொடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் தட்டல் இரண்டு அடிகளுக்கு நட்டநடுவில் போய் விழுகிறது! முன்வரிசை தட்டுவது அடியில் விழும், நடுவரிசை கொஞ்சம் பிந்தும், நீங்கள் எதிர்த்தாளம். எல்லாம் சேர்ந்து மேடையில் தகரக்கூரை மேல் ஆலங்கட்டி விழுவது போல இருக்கும்.

படி அரங்கத்தில் இது இன்னும் மோசம். சமதரையில் பின்னால் இருப்பவரின் தட்டலை முன்னால் நிற்கும் உடல்கள் கொஞ்சமாவது மறைக்கும். இங்கே ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பதால் தடையே கிடையாது. எல்லோருக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று அமைத்த அதே சரிவு, எல்லோருடைய சத்தத்தையும் பாடுகிறவர் காதில் கொண்டுபோய்க் கொட்டுகிறது.

சும்மாவந்தவன்:
நடுவில் கம்பம் நட்டு ஸ்பீக்கர் கட்டுகிறார்களே, அதில் பாட்டு கம்பி வழியாகத்தானே போகிறது? பின்வரிசைக்கும் அதே நொடியில் கேட்க வேண்டாமா?

மிக்சர்மேசை:
நல்ல கேள்வி. அந்த ஸ்பீக்கர்களை வேண்டுமென்றே தாமதப்படுத்தித்தான் ஒலிக்க விடுகிறோம். இல்லாவிட்டால் பக்கத்துக் கம்பத்திலிருந்து ஒருமுறை, மேடையிலிருந்து இன்னொருமுறை என்று ஒரே சொல் இரண்டு தடவை காதில் விழும், பாட்டு வரிகள் குழம்பிவிடும். மேடை ஒலி வந்து சேரும் நேரத்துக்குச் சில மில்லிநொடிகள் பிந்தி விட்டால், பாட்டு மேடையிலிருந்தே வருவதுபோல மூளை எடுத்துக்கொள்ளும். ஆகையால் கம்பம் இருந்தாலும் பின்வரிசை பின்வரிசைதான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தின் எபிடாரஸ் அரங்கம் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 55 படிவரிசைகள். அங்கே கடைசிவரை தெளிவாகக் கேட்பதற்கான காரணத்தை 2007இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சுமார் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலிகளை அந்தப் படிகளே மட்டுப்படுத்திவிடுகின்றன, கூட்டத்தின் முணுமுணுப்பில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்றார்கள். கைதட்டல் அப்படி அமுங்காது, அதன் பளீரென்ற பகுதி அந்த எல்லைக்கு மேலே.

ஆறுதந்தி:
கணக்கெல்லாம் சரி, ஆனால் காதுக்குள் மானிட்டர், அதாவது தன் வாசிப்பு தனக்கே கேட்க வைத்துக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கர், மாட்டியிருந்தால் இவ்வளவு தொந்தரவு இருக்காது. அவர் மாட்டியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். தனியாக வாசிப்பவர்கள் பலருக்குக் கூட்டத்தின் சத்தம் வேண்டும், அதனால் காலடியில் ஒரு மானிட்டரோடு சமாளிப்பார்கள், அல்லது ஒரு காதைத் திறந்து வைத்திருப்பார்கள். குழுவாக வாசித்தால் டிரம்ஸ்காரர் இழுத்துப் பிடித்துக்கொள்வார். தனியாளுக்குத் தன் வலதுகைக் கட்டைவிரலைத் தவிர வேறு தாளம் கிடையாது.

எனக்கே ஒருமுறை நடந்தது. கைதட்டல் பிந்தி வருகிறதே என்று நான் கொஞ்சம் நிதானித்தேன், நான் நிதானித்ததைக் கேட்டுக் கூட்டமும் நிதானித்தது, அது இன்னும் பிந்தி வந்தது, நான் இன்னும் நிதானித்தேன். மூன்றாவது சரணத்தில் அது காதல் பாட்டாகவே இல்லை, தாலாட்டு. நிறுத்தும் தைரியம் எனக்கு இல்லை, உங்கள் ஆளுக்கு இருந்திருக்கிறது.

தட்டியே ஆக வேண்டும் என்றால் அவர் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டிக் காட்டும் பாட்டுகளில் தட்டுங்கள். ஒளிக்குத் தாமதம் இல்லை, கையைப் பார்த்துத் தட்டினால் பாதிப் பிழை போய்விடும். மிச்சப் பாதிக்கு ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், நிறுத்திய நேரத்தில் சுருதி சேர்த்தாரா, பார்த்தீர்களா? இருட்டிக் குளிர்ந்தால் எஃகுத் தந்தி சுருங்கிச் சுருதி ஏறிவிடும், அதற்கும் ஒரு சாக்குத் தேவைப்பட்டிருக்கலாம்.

கடைசிப்படி:
ஆமாம், சேர்த்தார்! நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் தோழிக்குப் படித்துக் காட்டினேன். சரி, திமிர் இல்லை, ஆனால் முதல் இரண்டு பாட்டுக்கும் இதே கூட்டம் தட்டியபோது ஏன் சும்மா இருந்தார் என்கிறாள்.

ஆறுதந்தி:
அவை வேகமான பாட்டுகளா? இரைச்சலோடு ஓட்டிவிடலாம். மெதுவான பாட்டில் ஒளிய இடமில்லை.