மெட்டாடேட்டாவுக்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

எங்கள் கல்லூரி நூலகத்தில் பழைய தமிழ் அறிவியல் இதழ்களை மின்வருடி (ஸ்கேன் செய்து) வருகிறோம். இதழின் பெயர், ஆசிரியர், மலர் எண், காலம், பொருள், கோப்பின் அளவு எல்லாவற்றையும் பதிய ஒரு படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கோப்பைப் பற்றிச் சொல்லும் இத்தகைய விவரங்களைத்தான் மெட்டாடேட்டா என்கிறார்கள். அதற்கு இப்போது புழங்கும் 'மேனிலைத் தரவு' என்ற சொல்லைத் தலைப்பிட்டால், "எதற்கு மேலே, அம்மா?" என்று மாணவிகள் கேட்கிறார்கள். நல்ல சொல் தாருங்கள்.
நூலகர்

*

அம்மா, 'மீத்தரவு' போதுமே. மீ என்றால் மேல். குறளிலேயே 'மீக்கூறும்' இருக்கிறது.

*

மீக்கூறும் சரி, கப்பல் தலைவனைக் குறிக்கும் மீகாமன்? அங்கே வல்லினம் மிகவில்லை. இயல்பாக வருவதையும் மிகுந்து வருவதையும் தொல்காப்பியம் ஒருங்கே ஏற்கிறது. ஆகவே பாதிப் பேர் மீதரவு என்றும் மீதிப் பேர் மீத்தரவு என்றும் எழுதுவார்கள். தேடுபவருக்குப் பாதிதான் கிடைக்கும். மென்பொருள் எழுதுபவன் என்ற முறையில் அஞ்சுகிறேன். மேலும், 'மீதரவு' என்பதை மீது + அரவு, அதாவது மேலே பாம்பு, என்றும் பிரிக்கலாம்.

*

'தரவு' என்பதே கலிப்பாவின் முதல் உறுப்பு. தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம். யாப்புக்குரிய சொல்லைக் கணினிக்குக் கொடுத்தது முதற்பிழை.

*

ஐயா, அது ஊன்றிவிட்டது. பிடுங்க வேண்டாம்.

நாம் தேடும் பொருள் நன்னூலில் பல நூற்றாண்டுகளாகக் காத்திருக்கிறது. நூலின் முன்னுரையான சிறப்புப் பாயிரம் சொல்லவேண்டியவை எவை? ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களன், காரணம் மூன்றையும் சேர்ப்பாரும் உண்டு. உலக நூலகங்கள் பின்பற்றும் டப்ளின் கோர் என்ற மெட்டாடேட்டா பட்டியலில் கூறுகள் பதினைந்து. படைத்தவர், தலைப்பு, பொருள், மூலம், காலம், பரப்பு எல்லாம் அதிலும் உண்டு. நம்மவர்கள் வகுத்ததை நாமே மறந்துவிட்டு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்! 'பாயிரம் இல்லது பனுவல் அன்றே' என்பது மின்வருடிய பக்கங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. விவரம் இல்லாத படக்கோப்பை யார் கண்டெடுக்க முடியும்? 'பாயிரம்' என்றே தலைப்பிடுங்கள்.
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

பாயிரம் நூலின் முகப்பில் நிற்பது. இங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் விவரம் வேண்டும். ஆனால் அதே நன்னூல் பாயிரத்துக்கு 'புறவுரை' என்றும் ஒரு பெயர் தருகிறது. ஆகவே 'புறத்தரவு'. புணர்ச்சியிலும் ஐயமில்லை.

*

புறம் என்றதும் படிப்பவருக்குப் புறநானூறுதான் நினைவுக்கு வரும். வேலைக்கு வந்த மாணவிக்கு உரையாசிரியரை உடன் அனுப்ப முடியுமா? 'இதழ் விவரம்' என்றால் யாருக்குப் புரியாது?

*

புரியும். ஆனால் கலைச்சொல் ஆகாது. நாளை ஒலிப்பதிவுக்கும் ஒளிப்படத்துக்கும் என்ன செய்வீர்கள்? 1916இல் ராஜாஜி முதலானோர் அறிவியல் சொற்களைத் தமிழாக்கச் சங்கம் அமைத்து, அதற்கென இதழே நடத்தினார்கள். அவர்கள் 'விவரம்' என்று நின்றுவிடவில்லை.

*

அனைவருக்கும் நன்றி.

தமிழாசிரியர் ஐயாவின் மடலை அச்சிட்டு மேசையில் ஒட்டியிருக்கிறேன். அதைப் படித்த பிறகு படிவத்தில் 'எல்லை', 'கேட்போர்' என்ற இரண்டு கட்டங்களைச் சேர்த்தேன். இதழ் எந்த ஊர்வரை போனது, யாருக்காக எழுதப்பட்டது என்று முன்பு நாங்கள் கேட்கவே இல்லை. 'எழுத்து வடிவம்' என்றும் ஒரு கட்டம் உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய இதழ்களில் ணை, லை, னை எல்லாம் யானைத் துதிக்கை போன்ற பழைய ஐகாரக் குறியோடு நிற்கின்றன. படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருளான எழுத்துணரி அவற்றில் தடுமாறுகிறது.

தலைப்புக்குப் புறத்தரவு மூன்று பேர், மீத்தரவு இரண்டு பேர், பாயிரம் ஒருவர். ஏற்கெனவே புழங்குவதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஐந்து பேர் தனிமடலில் எழுதினார்கள். 'மேனிலைத் தரவு' என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.
நூலகர்

*

அம்மா, கட்டங்கள் இரண்டும் பாயிரத்தினுடையவை. தலைப்பு மட்டும் ஏன் வேறாக இருக்க வேண்டும்? இரண்டாம் அச்சுக்கு முன் மீண்டும் எழுதுவேன்.