கழுவுவதற்கு முன்னால் கேளுங்கள்: ராமநாதபுரக் கரையில் பார்த்த பழைய பேனாக்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் பழைய மைப்பேனா தேட வருகிறவர்கள் கடைகளில் அலைய வேண்டாம். இங்கே பேனா வீடுகளில்தான் இருக்கிறது. தொண்டி, பெரியபட்டினம், கீழக்கரை, தங்கச்சிமடம் என்று எந்த ஊரை எடுத்தாலும் கொழும்புக்கோ பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ பிழைக்கப் போன தலைமுறை ஒன்று இருக்கும். ஊர் திரும்பும்போது பெட்டியில் துணிமணி, சென்ட், டார்ச் லைட்டோடு ஒரு பேனாவும் வந்திருக்கும். அதை வாங்குவதைவிட, அது எப்படி வந்தது என்று அந்த வீட்டாரிடம் கேட்டு எழுதி வைப்பதுதான் எனக்கு முக்கியம். அந்த நினைவுகளைச் சுமந்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள்.

தங்கச்சிமடத்தில் ஒரு பெரியவர் தன் தகப்பனாருடைய பார்க்கர் 51 மாடல் மைப்பேனாவைக் காட்டினார். "அப்பா கொழும்புல கணக்கு எழுதுனவரு. சுதந்திரம் கெடைச்ச வருசம் வாங்குனேன்னு அவரு வாயால சொல்லிக் கேட்டுருக்கேன்" என்றார். தனுஷ்கோடிக்கு போட் மெயில், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு என்று போய் வந்தவர் அவர்.

பேனாவின் உடலைத் திருகிக் கழற்றினேன். உள்ளே உலோகக் கூடு. அதில் அழுத்துவதற்கு வரிவரியாய் ஒரு பட்டை. 51 சந்தைக்கு வந்தது 1941-இல். முதலில் வந்தவற்றில் பின்பக்கத்துத் தண்டை அழுத்தித்தான் மை ஏற்ற வேண்டும். இந்தக் கூடும் பட்டையும் வந்தது 1948-இல். அப்படியானால் 1947 ஆகஸ்டில் இந்தப் பேனா கடைக்கே வந்திருக்காது. லென்ஸ் வைத்துப் பார்த்ததில் உடலில் பொறித்த எழுத்துகளின் கடைசியில் தேய்ந்துபோன ஒரு 8 தெரிந்தது, 1948-இன் கடைசி இலக்கம். பெரியவருக்கு முகம் வாடிவிட்டது. தகப்பன் சொன்னது பொய்யாகிவிடுமே என்று. உள்ளே மீன் ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவிதான் குரல் கொடுத்தார்: "மாமா இருந்தது கொழும்புலல்ல? அந்த ஊருச் சுதந்திரத்தச் சொல்லியிருப்பாக." இலங்கைக்குச் சுதந்திரம் 1948 பிப்ரவரி 4. பேனாவும் பொருந்துகிறது, தகப்பன் பேச்சும் பொருந்துகிறது. அந்த அம்மா சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன்.

அமெரிக்கப் பார்க்கர் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். 1940-களில் செய்தவற்றில் அது ஆண்டின் கடைசி இலக்கம். பக்கத்தில் மூன்று புள்ளி இருந்தால் அந்த ஆண்டின் முதல் காலாண்டு. அடுத்தடுத்த காலாண்டில் ஒவ்வொரு புள்ளியாகக் குறையும். 51 என்று நீட்டப்படும் பேனாக்களில் பாதி சீனத்து ஹீரோ கம்பெனிப் பேனாவாக இருக்கும். நிப்பை மூடிய அதே உருவம்தான். ஹீரோவும் நம் வீடுகளின் சரித்திரத்தில் சேர்த்திதான், ஆனால் பார்க்கர் விலை கொடுத்துவிடாதீர்கள்.

தொண்டியில் பார்த்தது வேறு வகை. கட்டைவிரல் தடிமனுக்குக் கருப்பு எபோனைட் பேனா, ஜப்பானில் செய்தது, சிங்கப்பூரிலிருந்து வந்தது. மூடிக்குள் இருந்த கழுத்துப்பகுதி இன்னும் கருகருவென்று இருந்தது. வெளிச்சம் பட்ட உடல் மட்டும் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறியிருந்தது. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சமும் ஈரமும் சேர்ந்தால் மேல்தோல் இப்படி நிறம் மாறும். கடற்கரை வீடுகளில் இது சீக்கிரமே நடக்கிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் இன்னும் மோசமாகும், வெந்நீர் என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த வீட்டுப் பையன் சொன்னான்: "ரிப்பேர் பேனாண்ணே. இங்க் பில்லர்ல ரொப்புனா அரைப்பக்கம் எழுதும், அப்புறம் நின்னுபோயிரும். உதறுனாலும் வராது. எங்க தாத்தா காலத்துலயே மூலைல போட்டுட்டாகளாம்." வாங்கிப் பார்த்தேன். நிப் நன்றாக இருந்தது, நிப்புக்கு அடியிலிருக்கும் கட்டையிலும் அடைப்பு இல்லை. பேனாவின் வால்முனையில் ஒரு மெல்லிய கோடு ஓடியது. அதைப் பிடித்து மெதுவாகத் திருகினேன். இறுகிப்போயிருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து இரண்டு சுற்று வந்தது. மை ஊற்றிப் பையனிடமே கொடுத்தேன். ஒரு பக்கம் முழுக்க எழுதினான், திருப்பிப் போட்டும் எழுதினான்.

அது ரிப்பேரே இல்லை. பில்லரால் உடலுக்குள்ளேயே மை ஊற்றும் ஜப்பான் சொட்டுமைப் பேனாக்களில் பலவற்றில் வால்முனையிலிருந்து கழுத்து வரை உள்ளே ஒரு கம்பி ஓடும். வாலை இறுக்கினால் கம்பியின் நுனி மைவழியை அடைத்துக்கொள்ளும். சட்டைப் பையில் ஒழுகாது, கப்பல் பயணத்திலும் ஒழுகாது. எழுத உட்காரும்போது வாலைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தளர்த்தாவிட்டால் கட்டையில் தங்கிய மை தீரும்வரை எழுதிவிட்டு நின்றுவிடும். சபரிலிருந்து, அதாவது கடல் கடந்த பிழைப்பிலிருந்து, கொண்டுவந்தவருக்கு இது தெரிந்திருக்கும். அவருக்குப் பிறகு யாருக்கும் தெரியவில்லை. வால் திருகும் பேனா எதையும் கெட்டுப்போனது என்று தள்ளிவிடாதீர்கள்.

கீழக்கரையில் பார்த்த ஸ்வான் பேனாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைந்துவிடும். இங்கிலாந்தில் செய்தது, பக்கவாட்டு நெம்புகோலைத் தூக்கி மை ஏற்றுவது. உள்ளிருக்கும் ரப்பர் பை காய்ந்து இறுகியிருந்ததால் நெம்புகோல் அசையவில்லை. அந்த நிலையில் பலம் கொடுத்துத் தூக்கக் கூடாது. தூக்கினால் நெம்புகோலோ உடலோ ஒடியும். நான் நிப்பை மட்டும் மையில் தோய்த்து எழுதிப் பார்த்தேன். தாளைக் கீறியது. லென்ஸில் பார்த்தால் நிப் முனையின் இடப்பக்க ஓரம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. யாரிடம் காட்டினாலும் தேய்த்துச் சரிபண்ணிவிடலாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பேனா வைத்திருந்த வீட்டு பாய் உள்ளே போய்த் தன் வாப்பாவின் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். பக்கம் பக்கமாக அரபுத்தமிழ். அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக, நம் தமிழ்ச் சொற்கள்: அரிசி, தேங்காய், கூலி, பாக்கி. "வாப்பா தாளச் சாச்சு வச்சுக்கிட்டு, பேனாவ இப்படித் திருப்பிப் புடிப்பாக தம்பி" என்று பாய் தானே பிடித்துக் காட்டி பிஸ்மில்லாஹ் எழுதினார். கீறவே இல்லை. வழுக்கிக்கொண்டு போனது. ஒருவர் ஆயுள் முழுக்க எழுதிய கோணம் அந்தத் தேய்மானத்தில் இருக்கிறது. அதைச் சாணை பிடித்தால் எனக்கு எழுத வரும், அவர் கை போய்விடும். பேனாவை விலைக்குக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நோட்டையும் பேனாவையும் ஒரே இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, இரண்டையும் படம் எடுத்துக்கொண்டேன்.

ராமநாதபுரத்துக் காயலான் கடைகளில் நிப் இல்லாத நல்ல பேனாக்கள் கிடைக்கின்றன. 14 காரட் என்று பொறித்திருப்பதைப் பார்த்து நிப்பைப் பிடுங்கி உருக்கக் கொடுத்துவிடுகிறார்கள். 14 காரட் என்றால் பாதிக்குச் சற்று மேல்தான் தங்கம், நிப்பின் எடையோ பெரும்பாலும் அரைக் கிராம்கூட வராது. அந்தச் சில்லறைக்காக ஒரு பேனா போய்விடுகிறது. வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் சாமான் போடுகிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். நான் போகிற வீட்டிலெல்லாம் சொல்கிறேன்.

உப்புக்காற்று தங்க நிப்பை ஒன்றும் செய்வதில்லை. எஃகு நிப்பையும், முலாம் பூசிய கிளிப்பையும், உள்ளே ரப்பர் பையை அழுத்தும் தகட்டையும்தான் தின்கிறது. துருவைச் சுரண்டும்போது பக்கத்தில் பொறித்த பெயரையும் பாலீஷ் போட்டு அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உடலில் வெட்டிய பெயரை ஒருபோதும் தொடாதீர்கள். பேனாவைக் கையில் வாங்கியதும் யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, யார் சொன்னது, சொன்னவருக்கு அவர் என்ன உறவு என்று ஒரு தாளில் எழுதிப் பேனாவோடு சுருட்டி வையுங்கள். கழுவுவது அப்புறம் ஆகட்டும்.

தொண்டிப் பேனாவில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கம்பி நுழையும் இடத்திலிருக்கும் தக்கை காய்ந்துவிட்டதால் வால்பக்கம் லேசாக மை கசிகிறது. தக்கையை எடுத்துவிட்டு ரப்பர் வளையம் போட்டுப் பார்த்தவர்கள் இருந்தால், என்ன அளவு பொருந்தியது, பழைய தக்கையை எபோனைட் கீறாமல் எப்படி எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். பையன் அந்தப் பேனாவைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போக வேண்டும் என்று நிற்கிறான்.