டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் விந்தணு கூடுமா?

செந்தூல் சேவல்:
பிரிக்ஃபீல்ட்ஸ் ஜிம் பசங்க மத்தியில் ஒரு மெசேஜ் சுத்துது: "டெஸ்டோஸ்டிரோன் ஆண் ஹார்மோன், ஊசி போட்டா சீக்கிரம் பிள்ளை தங்கும்." நேர்மாறு லா. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவு ஏறினதும் மூளை, பிட்யூட்டரி சுரப்பிக்கு உத்தரவு போடுற ஜிஎன்ஆர்எச் ஹார்மோனை அடக்கிடும். பிட்யூட்டரியிலிருந்து விந்தகத்துக்கு வர்ற எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன் ரெண்டும் படுத்துடும். விந்தகத்தில் டெஸ்டோஸ்டிரோன் செய்யுறது லேடிக் செல். அதன் ஏற்பியை (ஹார்மோன் வந்து உட்காரும் இடம்) எல்எச் தொட்டால்தான் உள்ளே சைக்ளிக் ஏஎம்பிங்கிற தூது மூலக்கூறு ஏறும், ஸ்டார்ங்கிற புரதம் மூலப்பொருளான கொலஸ்ட்ராலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டு சேர்க்கும். அது நின்னா, ரத்தத்தைவிட 100 மடங்கு வரை விந்தகத்துக்குள் இருக்கிற டெஸ்டோஸ்டிரோன் சரக்கு காலி, அதை நம்பியிருக்கிற விந்தணுவும் குறையும். 2005-இல் வந்த ஆய்வில் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் ஊசி மட்டும் போட்டவங்களுக்கு மூணே வாரத்தில் அந்த உள் அளவு 94% சரிஞ்சது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் மட்டும் எல்லாம் ஜோரா தெரியும்.

பட்டர்வொர்த் அண்ணன்:
இதுவரைக்கும் சரி தம்பி. அதே ஆய்வை முழுசாச் சொல்லுங்க: ஒருநாள் விட்டு ஒருநாள் 250 யூனிட் ஹெச்சிஜி (எல்எச் மாதிரியே வேலை செய்யுற ஹார்மோன் ஊசி) சேர்த்த குழுவில் குறைவு வெறும் 7%. எல்எச் ஏற்பியில்தான் ஹெச்சிஜியும் உட்காரும். அது போதும், எஃப்எஸ்எச் ஊசிக்கு ரிங்கிட்டைக் கொட்டாதீங்க. எஃப்எஸ்எச் ஏற்பியை நீக்கின ஆண் சுண்டெலிக்கு விந்தகம் சிறுத்துச்சு, ஆனா குட்டிக்கு அப்பன் ஆச்சு. சுண்டெலியில், விந்தணுவை வளர்க்கிற செர்டோலி செல்லில் மட்டும் ஆண்ட்ரோஜன் (டெஸ்டோஸ்டிரோன் மாதிரி ஆண் ஹார்மோன்) ஏற்பியை எடுத்தப்போ (2004) விந்தணு உருவாகுறது மயோசிஸ்ங்கிற செல் பிரிவுக் கட்டத்தோட நின்னுடுச்சு. முதலாளி யாருன்னு தெரியுதா?

செந்தூல் சேவல்:
சுண்டெலியை வெச்சு மனுஷனுக்குத் தீர்ப்பு எழுதாதீங்க அண்ணே. எஃப்எஸ்எச் செய்ய வேண்டிய பீட்டா மரபணு பழுதான ஆண்களுக்கு விந்தணு பூஜ்யம்.

பட்டர்வொர்த் அண்ணன்:
பின்லாந்தில் எஃப்எஸ்எச் ஏற்பியே பழுதான ஐந்து பேரைப் பற்றி 1997-இல் ஆய்வு வந்தது. ஒருத்தருக்கும் பூஜ்யம் இல்லையே?

செந்தூல் சேவல்:
அந்த ஏற்பி முழுசாச் சாகலை. பெரும்பகுதி செல்லுக்குள்ளேயே மாட்டிக்கும், கொஞ்சம் மேலே வந்துடும். அதைவிட முக்கியம், பருவத்துக்கு முன்னாடி செர்டோலி செல்லைப் பெருக்குறது எஃப்எஸ்எச். ஒரு செர்டோலி செல் இத்தனை விந்தணுவைத்தான் வளர்க்கும்னு ஒரு வரம்பு உண்டு. பிறவியிலேயே பிட்யூட்டரி ஹார்மோன் இல்லாதவருக்கு ஹெச்சிஜி மட்டும் கொடுத்தா பலருக்கும் ஒண்ணும் வராது. 3 முதல் 6 மாசம் பார்த்துட்டு எஃப்எஸ்எச் 75–150 யூனிட், வாரம் மூணு தடவை சேர்ப்பாங்க.

பட்டர்வொர்த் அண்ணன்:
பிறவிக் குறைக்கு ஒத்துக்கிறேன். வளர்ந்தப்புறம் ஊசியால் கெடுத்துக்கிட்டவன் கதை வேற.

கெப்போங் மருந்தாளர்:
ரெண்டு பேரும் அளவை விட்டுட்டீங்க. ஹெச்சிஜியை ஒரேயடியா 5000 யூனிட்னு ஏத்தினா எல்எச் ஏற்பியே மேற்பரப்பிலிருந்து குறையும், லேடிக் செல்லுக்குக் காது மந்தமாயிடும். கூடவே டெஸ்டோஸ்டிரோனை மாத்துற அரோமட்டேஸ் நொதி, எஸ்ட்ரடையோல்ங்கிற பெண் ஹார்மோனைக் கூட்டி மார்பு வீங்க வைக்கும். இன்னொண்ணு, பத்து நாள்ல விந்துப் பரிசோதனை எடுத்துப் புலம்பாதீங்க. ஒரு விந்தணு உருவாகவே ஏறக்குறைய 74 நாள். மூணு மாசம் ஆகுறதுக்குள்ள எடுத்தா அந்த எண்ணிக்கை பழைய கணக்குதான்.

செந்தூல் சேவல்:
ஏற்கனவே ஊசி போட்டுட்டவன்?

கெப்போங் மருந்தாளர்:
நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போகணும். பலருக்கு 6 முதல் 12 மாசத்தில் திரும்பும், சிலருக்கு 2 வருஷம் வரை இழுக்கும்.