குளிப்பாட்டிய பின் நாயின் கண் வீக்கம்

கேள்வி (கல்லடி):
நேற்று மாலை கிணற்றடியில் நாங்கள் பாவிக்கும் ஷாம்புவைப் போட்டே எங்கள் நாயைக் குளிப்பாட்டினோம். இரவாவதற்குள் அதன் இடக்கண் சிவந்து, இமை வீங்கி, முன்னங்காலால் ஓயாமல் தேய்க்கத் தொடங்கிவிட்டது. அம்மாவின் கண் துளிமருந்து மீதமிருக்கிறது, அதை விடலாமா?

மறுமொழி (களுவாஞ்சிகுடி):
தயவுசெய்து விடாதீர்கள். அதில் ஸ்டீரொயிட் கலந்திருந்து, கருவிழியில் புண்ணும் இருக்குமானால், அது ஆழமாகிக் கண்ணையே இழக்க நேரிடலாம். நுரை பட்டவுடனேயே சுத்தமான நீரால் 10 முதல் 15 நிமிடங்கள் வரை கழுவியிருக்க வேண்டும். இப்போதும் சேலைன் (கிருமியற்ற உப்புநீர்) விட்டுக் கழுவலாம். இரு கண்களும் முகமும் சேர்ந்து வீங்கியிருந்தால் ஒவ்வாமையாகவும் இருக்கலாம்.

மறுமொழி (அக்கரைப்பற்று):
எங்கள் நாய்க்கும் இப்படித்தான் நேர்ந்தது. மிருக வைத்தியர், காயமுள்ள இடத்தில் ஒட்டி ஒளிரும் புளோரசீன் சாயம் ஒரு துளி விட்டு, நீல ஒளியில் பார்த்தபோது, கருவிழியில் மெல்லிய பச்சைக் கோடொன்று தெரிந்தது. சவர்க்காரம் எரிச்சலைத் தொடக்கிவைத்தாலும், காயத்தை உண்டாக்கியது அதன் நகமே என்றார். கண்ணைத் தேய்க்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பு கிடைக்காததால், சிறிய பிளாஸ்டிக் வாளியொன்றின் அடியை வெட்டி மாட்டினோம் (அயலவர்கள் சிரித்தார்கள்தான்). கண்ணைத் திறக்க மறுத்தாலோ, கருவிழி மங்கினாலோ, இன்றைக்கே கொண்டு செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பாதிக்கண்தான் திறக்கிறது. இப்போதே புறப்படுகிறோம்.